ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயரும் காணாமப்போற பத்து பேரும்

கேள்வி: டெக்சாஸ்ல பிஎச்டி பண்றேன் சார். டிஏ, அதாவது டீச்சிங் அசிஸ்டென்ட் வேலைன்னு காலேஜ் அல்ஜீப்ரா கிளாஸ் ஒண்ணை என் தலையில கட்டிட்டாங்க. 35 பேர். பாதிக்கு மேல மெக்சிகோ வழிக் குடும்பம், கறுப்பினப் பசங்க, நிறைய பேரு வீட்டுல முதல் ஆளா காலேஜ் வாசல் மிதிச்சவங்க. நாலாவது வாரம் பத்து பேரைக் காணோம். ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயருக்கு ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்னு எழுதுறாங்க. மைனஸ் வந்தாலும் தடுமாறுறாங்க. சந்தேகம் கேக்க நான் ஒதுக்குன ஆபீஸ் ஹவர்ஸுக்கும் யாரும் வரல. கணக்கை இன்னும் ஈசியாக்கணுமா?
(பேர் வேண்டாம் என்கிறார்)

பதில்: ஈசியாக்காதீங்க தம்பி. அங்கதான் எல்லாரும் சறுக்குறது.

1970கள்ல பெர்க்லி யுனிவர்சிட்டில யூரி டிரைஸ்மன்னு ஒருத்தர், கால்குலஸ்ல கறுப்பின மாணவர்கள் ஏன் இவ்ளோ பேர் தோக்குறாங்கன்னு கூட இருந்த வாத்தியாருங்களைக் கேட்டிருக்காரு, ஆர்வம் பத்தாது, அடிப்படை சரியில்ல, வீட்டுல காசில்ல, படிக்க வைக்க ஆளில்லன்னு வழக்கமான பாட்டுதான். மனுஷன் அதை நம்பாம 20 கறுப்பின மாணவர், 20 சீன வழி மாணவர் எப்படிப் படிக்குறாங்கன்னு பின்னாடியே சுத்திப் பாத்தாரு. சொன்ன காரணம் ஒண்ணும் நிக்கல. கறுப்பினப் பசங்க மணிக்கணக்கா தனியா உக்காந்து முட்டி மோதிக்கிட்டு இருந்தாங்க, சீனப் பசங்க ஒண்ணாக் கூடி, விடையை ஒப்பிட்டு, ஒருத்தர் தப்பை ஒருத்தர் புடிச்சாங்க. நம்ம ஊர் கம்பைன் ஸ்டடிதான், வேறென்ன. அப்புறம் அவரு ஆரம்பிச்ச ஒர்க்‌ஷாப்புல கஷ்டமான கணக்கைத்தான் குடுத்தாரு, ஆனா கூட்டாப் போட வச்சாரு. வந்தவங்க நல்லாவே தேறினாங்க.

அதனால உங்க ஆபீஸ் ஹவர்ஸுக்கு யாரும் வரலன்னு வருத்தப்படாதீங்க, சாயங்காலம் வேலைக்கு ஓடுற பையன் எப்படி வருவான்? கிளாஸ்லயே கடைசி 20 நிமிஷம் நாலு நாலு பேரா உக்கார வைங்க. அந்த ஹோல் ஸ்கொயரை ஒரு சதுரமா வரைஞ்சு, பக்கத்தை ஏ, பி-ன்னு ரெண்டாக்கி, நாலாப் பிரிக்கச் சொல்லுங்க, விட்டுப்போன 2ஏபி அவங்க கண்ணுக்கே தெரியும்.

மைனஸ் தகராறா? பாப் மோசஸ்னு ஒருத்தர், 60கள்ல மிசிசிப்பில கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமைக்காக அடி வாங்கினவர், 1982ல அல்ஜீப்ரா ப்ராஜெக்ட் ஆரம்பிச்சாரு. பாஸ்டன் பக்கம் ஓடுற ரெட் லைன் ரயில்ல புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய், எத்தனை ஸ்டேஷன், எந்தப் பக்கம்னு கேட்டே பிளஸ் மைனஸைப் புரிய வச்சாரு. உங்க ஊர்ல பஸ் ரூட் இருக்குமே.

"முதல்ல பேசிக் கோர்ஸ் படிச்சிட்டு வா"ன்னு மட்டும் அனுப்பிடாதீங்க. சும்மா கணக்கு போட்டுப் பாருங்க, அப்படி வரிசையா மூணு செமஸ்டர் தாண்டணும்னா, ஒவ்வொண்ணுலயும் நூத்துக்கு 70 பேர் தேறினாக்கூட கடைசில மிஞ்சுறது 34 பேர்தான். கலிஃபோர்னியால 2017ல இதுக்குன்னே சட்டம் போட்டாங்க, கம்யூனிட்டி காலேஜ்ங்கற ரெண்டு வருஷ அரசுக் கல்லூரிப் பசங்களை அந்த வரிசையில நிறுத்தாம நேரா மெயின் கோர்ஸ்ல விட்டு, கூடவே உதவி வகுப்பு.

புத்தகக் காசும் ஒரு தடை. ஓப்பன்ஸ்டாக்ஸ்னு இலவசப் பாடப்புத்தகம் போடுற வெப்சைட்ல காலேஜ் அல்ஜீப்ரா புத்தகம் ஃப்ரீயாவே கிடைக்குது, டிபார்ட்மெண்ட் ஒத்துக்கிட்டா அதையே வைங்க.

அந்தப் பத்து பேருக்கு இன்னிக்கு ராத்திரியே ஆளாளுக்குப் பேர் போட்டு தனித்தனியா மெயில் அனுப்புங்க தம்பி. கோர்ஸை ட்ராப் பண்ற கடைசித் தேதி தாண்டிட்டா அப்புறம் அனுப்பியும் பிரயோஜனமில்ல.