எடிட்டர் ஏட்டிலிருந்து வந்தவரா?

அன்புள்ள ஐயா,

'ஏடு' என்ற தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் 'எடிட்' ஆனது, அதிலிருந்து 'எடிட்டர்' வந்தது என்று எங்கள் வாசிப்புக் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. லத்தீன் அகராதி பார்த்த நண்பரோ, 'உண்பது' என்று பொருள் போட்டிருக்கிறது என்கிறார். எது சரி?

ரா.

அன்புள்ள ரா.,

இரண்டும் சரியில்லை. நண்பர் சரியான அகராதியைத்தான் திறந்திருக்கிறார். பார்த்த சொல்தான் வேறு.

குறில் எகரத்தில் தொடங்கும் 'எதெரெ' உண்பது. நெடிலில் தொடங்கும் 'ஏதெரெ' வெளியிடுவது: 'வெளியே' எனும் முன்னொட்டும் 'கொடுப்பது' எனும் 'தரெ'யும் சேர்ந்தது. ரோமன் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். அகராதிகள் நெடிலின் தலையில் கோடு போடும். சாதாரண அச்சில் அதுவும் இருக்காது. (வீரமாமுனிவர் திருத்தத்துக்கு முன் நம் சுவடிகளிலும் இதே சிக்கல்தான். எகரக் குறிலுக்குப் புள்ளி வேண்டும் என்கிறது தொல்காப்பியம். ஓலையில் அதைப் பெரும்பாலும் வைக்கவில்லை.)

கோடு இல்லாவிட்டாலும் வழி உண்டு. லத்தீன் அகராதி ஒரு வினைக்கு நான்கு வடிவங்கள் தரும். நான்காவதைப் பாருங்கள்: உண்பதற்கு 'ஏசும்', வெளியிடுவதற்கு 'ஏதிதும்'. செய்பவரைக் குறிக்கும் 'ஒர்' விகுதி இந்த நான்காம் வடிவத்தின் அடியில்தான் ஒட்டும். 'ஏதிதும்' தருவது 'ஏதிதொர்', அவர்தான் எடிட்டர். உடல்பருமனைச் சொல்லும் 'ஒபீஸ்' மற்றதன் வழி வந்தது.

'ஏடு' கதை காலவரிசையிலேயே விழுந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'எடிட்டர்' 17ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. 'எடிட்' 1790களை ஒட்டித்தான் எழுத்தில் தெரிகிறது. பெயர்ச்சொல்லின் வாலை நறுக்கி எடுத்த வினை அது. அடுத்து 'தரெ'யை நம் 'தரு'வோடு முடிச்சுப் போடுவார்கள். ஒலி ஒற்றுமை தற்செயல். 'தரெ'க்கு உறவு சமஸ்கிருதத்தின் 'தா', அதாவது நாம் கடன் வாங்கிய 'தானம்'.

ரோமில் இந்த 'ஏதிதொர்' பிரதியைத் தொட்டவரே அல்ல. கிளாடியேட்டர் சண்டைகளைச் செலவு செய்து மக்களுக்கு அளித்தவர். பழைய ரோமானிய நகரமான பொம்பேயியின் சுவர்களில் வண்ணத்தில் எழுதிய விளம்பரங்களில் இப்படி நடத்தியவர்களின் பெயர்கள் கிடைத்திருக்கின்றன. தோற்ற வீரனை உயிரோடு விடலாமா என்று கூட்டம் கத்தும். முடிவு அவர் கையில். ஆங்கிலத்திலும் முதலில் பொருள் 'வெளியிடுபவர்'தான். பிரதியைச் செப்பனிடுபவர் என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது.

பிரெஞ்சு இன்னும் பழைய பொருளையே வைத்திருக்கிறது. அங்கே 'எதித்தர்' பதிப்பாளர். பத்திரிகை ஆசிரியர் 'ரெதக்தர் ஆன் ஷெஃப்'. பிரெஞ்சு நூலின் முகப்புப் பக்கத்தை மொழிபெயர்க்கும்போது பதிப்பகத்தார் பதிப்பாசிரியராகிவிடுவது இங்கேதான்.