கேஜ் அழுத்தமும் வாயுவின் வெப்பநிலையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இறைச்சிக் குளிரறையில் சக்‌ஷன் அழுத்தம் (கம்ப்ரெசர் வாயுவை உறிஞ்சும் பக்கத்து அழுத்தம்) எவ்வளவு இருக்க வேண்டும்? (சாட்ஸ்வொர்த்)

எந்தக் குளிர்பதன வாயு என்பதை எழுதாமல் அழுத்தத்தை மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல இயலாது. வாயு மைனஸ் 10 டிகிரியில் ஆவியாகும்போது, டர்பனில் உங்கள் கேஜ் (அழுத்தமானி) ஆர்-134ஏ வாயுவுக்குச் சுமார் 100 கிலோபாஸ்கலும், ஆர்-404ஏ வாயுவுக்குச் சுமார் 330 கிலோபாஸ்கலும் காட்டும். இரண்டுமே சரியான அளவுகள்தாம். இயந்திரத்தின் தகட்டைப் படித்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

நிறுத்தி வைத்த ஆர்-134ஏ இயந்திரத்தில் கேஜ் 560 காட்டுகிறது. வாயு நிறைவாக இருக்கிறதா? (டொங்காட்)

தெரியாது. அந்த எண், உள்ளே இருப்பது 25 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. சிறிதளவு திரவம் எஞ்சியிருக்கும் வரை, ஒரு கிலோவுக்கும் ஐந்து கிலோவுக்கும் அழுத்தம் ஒன்றே.

எங்கள் மெக்கானிக் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அழுத்தம் குறைவு என்று கூறி ஆர்-404ஏ வாயு ஏற்றுகிறார். இது வழக்கம்தானா? (ஃபீனிக்ஸ்)

பலரிடம் வழக்கமாகிவிட்டது, ஆனால் தவறு. குளிர்பதன வாயு எரிபொருளைப் போலத் தீர்ந்துபோகும் பொருளன்று. குறைந்தால் எங்கோ கசிகிறது. சென்ற கோடையில் ஒரு கடையில் எவாப்பரேட்டர் எனும் குளிர்விக்கும் காயிலுக்குப் பின்னால் குழாயின் மேலுறையைப் பிரித்தபோது, குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டைச் சுற்றி எண்ணெயில் ஊறிய தூசி கறுத்து ஒட்டியிருந்தது. சோப்பு நீரைத் தடவியதும் கடுகளவு குமிழிகள் எழுந்தன. அந்த ஒரு நட்டுக்காக அந்தக் கடைக்காரர் ஓராண்டு முழுவதும் பணம் கொடுத்திருந்தார். வெளியேறும் ஒவ்வொரு கிலோ ஆர்-404ஏ வாயுவும் ஏறத்தாழ நான்கு டன் கரியமில வாயுவுக்கு இணையாகப் புவியைச் சூடாக்குகிறது என்பதையும் மறக்கலாகாது.

மேலும், சக்‌ஷன் அழுத்தம் குறைந்தாலே வாயு குறைவு என்று முடிவு கட்டக் கூடாது. சூப்பர்ஹீட்டை, அதாவது ஆவியான வாயு தன் ஆவியாகும் வெப்பநிலைக்கு மேல் எத்தனை டிகிரி சூடாகியிருக்கிறது என்பதை, அளந்து பாருங்கள். அது கூடுதலாக இருந்தால் கசிவோ, ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரின் அடைப்போ காரணமாகலாம். குறைவாக இருந்தால் காயிலில் பனி கட்டியிருக்கும் அல்லது மின்விசிறி ஓடாது. இந்த இரண்டாவது நிலையில் வாயு ஏற்றினால் திரவம் கம்ப்ரெசருக்குத் திரும்பி வால்வுகளை உடைக்கும். கசிவை அடைத்து, நைட்ரஜனால் அழுத்தச் சோதனை செய்து, வேக்குவம் எடுத்து, தராசில் நிறுத்தே ஏற்ற வேண்டும்; கலவை வாயு என்பதால் திரவமாகவே ஏற்ற வேண்டும்.

தீபாவளி நேரத்தில் எங்கள் பலகாரக் கடைக் குளிர்பெட்டியில் (ஆர்-134ஏ) நண்பகலில் டிஸ்சார்ஜ் அழுத்தம் (கம்ப்ரெசர் வாயுவை வெளியேற்றும் பக்கத்து அழுத்தம்) 1,400 வரை ஏறுகிறது. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கண்டென்சரை (வெப்பத்தை வெளியேற்றும் காயிலை) கழுவினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மாவும் எண்ணெய்ப் புகையும் படிந்த காயிலால் வெப்பத்தை வெளியேற்ற முடியாது. கடை 32 டிகிரி என்றால் வாயு 45 டிகிரியில் திரவமாக ஒடுங்க வேண்டும். அதற்கு 1,060 போதும். கழுவிய பின்னும் குறையாவிட்டால், இயந்திரத்தை நிறுத்தி முழுவதும் ஆறவிட்டு, அப்போதைய அழுத்தத்தை அழுத்த-வெப்பநிலை அட்டவணையில் அறை வெப்பத்துக்குரிய அளவோடு ஒப்பிடுங்கள். தெளிவாகக் கூடுதலாக இருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது.

டர்பனில் பயன்படுத்திய அதே அட்டவணை இங்கே சற்றுப் பிசகுகிறதே? (லெனேசியா, ஜொகானஸ்பர்க்)

நல்ல கேள்வி. கேஜ் சுற்றுப்புறக் காற்றழுத்தத்துக்கு மேலுள்ளதையே காட்டுகிறது. கடலோரத்தில் அது சுமார் 101 கிலோபாஸ்கல், ஜொகானஸ்பர்க் மேட்டுநிலத்தில் சுமார் 83. ஆகவே அதே வெப்பநிலையில் உங்கள் கேஜ் 18 கிலோபாஸ்கல் அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். மைனஸ் 30 டிகிரி உறைநிலைப் பெட்டியில் அது இரண்டு டிகிரிக்கு மேல் பிழையாகும். 18-ஐக் கழித்துவிட்டு அட்டவணையைப் பாருங்கள்.