தலைவலியோடு உச்சியில் காத்திருக்கலாமா?

கேள்வி: வயது 41. சியாட்டிலில் மென்பொருள் வேலை. இரத்த அழுத்தத்துக்கு தினமும் டெல்மிசார்டன் 40 மி.கி. சாப்பிடுகிறேன், கட்டுக்குள் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் ஓடுவேன். போன ஜூலையில் நண்பர்களோடு மவுண்ட் ஆடம்ஸ் மலை ஏறி, வழியில் லஞ்ச் கவுண்டர் என்ற முகாமில் இரவு தங்கி, மறுநாள் உச்சியிலிருந்து பனிச்சறுக்கில் இறங்கினேன். இரவில் மூச்சு நின்றுபோனதுபோல் பலமுறை திடுக்கிட்டு விழித்தேன். காலையில் தலைவலி, வாந்தி. வலி மாத்திரை இபுபுரோஃபென் போட்டுக்கொண்டு ஏறிவிட்டேன். வீடு திரும்பிய இரவு கண்ணைத் திறக்க முடியாத எரிச்சல். இந்த ஆண்டும் போகலாமா? மனைவி வேண்டாம் என்கிறார்.

பதில்: போகலாம். ஆனால் போன ஆண்டு போனதுபோல் போகக் கூடாது. உங்கள் மனைவியின் பயம் நியாயமானது.

சியாட்டில் கிட்டத்தட்ட கடல்மட்டம். முகாம் 2,800 மீட்டரையொட்டி, உச்சி 3,743 மீட்டர். உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. இதற்குப் பழக உடம்புக்கு நாட்கள் வேண்டும். ஓட்டப் பயிற்சி அந்த நாட்களைக் குறைக்காது. கால் வலு உள்ளவர் வேகமாக ஏறிவிடுவதால் அவருக்கே தொந்தரவு சீக்கிரம் வருவதும் உண்டு. அதனால் முந்தின இரவே 1,700 மீட்டரில் இருக்கும் கோல்ட் ஸ்பிரிங்ஸில் தங்குங்கள். ஓர் இரவாவது உடம்புக்குக் கொடுத்ததாகும்.

இரவில் மூச்சு நின்றது பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். ஆக்சிஜன் குறையும்போது வேகமாக மூச்சு விடுகிறோம். அதில் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிட, மூளை சில நொடிகள் மூச்சை நிறுத்திவைக்கிறது. அந்த உயரத்தில் பலருக்கும் நடப்பதுதான். நன்றாகத் தூங்கலாம் என்று தூக்க மாத்திரையோ மதுவோ எடுத்தால்தான் ஆபத்து.

தலைவலியோடு வாந்தி வந்ததே, அதுதான் மலை நோய். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். தடுக்க அசெட்டசோலமைடு 125 மி.கி. காலை, இரவு என ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து எடுப்பது வழக்கம். உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பயணத்துக்கு முன்பே வீட்டில் ஓரிரு நாள் எடுத்துப் பாருங்கள். விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா சப்பென்று இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

இபுபுரோஃபென்தான் எனக்குக் கவலை. டெல்மிசார்டன் எடுப்பவர், வியர்த்து, வாந்தி எடுத்து, உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் அதையும் போட்டால் சிறுநீரகம் அடிவாங்கும். தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். அங்கே டைலனால் என்று கேளுங்கள்.

கண் எரிச்சல், பனியில் பட்டுத் திரும்பிய புற ஊதாக் கதிர் கருவிழியைச் சுட்டதால் வந்தது. சுட்டது அப்போது தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். ஏறும்போது வியர்வையில் மங்குகிறதென்று கண்ணாடியைத் தொப்பிமேல் தூக்கிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் போதும். பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி வாங்கி, வெயில் ஏறியதும் போட்டால் கீழே வரும்வரை கழற்றாதீர்கள். கதிர் கீழிருந்தும் வருவதால் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவார ஓரத்திலும் சன்ஸ்கிரீன் தடவுங்கள்.

இனி முக்கியமானது. ஜூலையில் காலைப் பனி கண்ணாடிபோல் இறுகியிருக்கும். அது இளகினால்தான் சறுக்க முடியும் என்று உச்சியில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ வாந்தி வந்தாலோ அந்தக் காத்திருப்பு வேண்டாம். சறுக்குப் பலகையை முதுகில் கட்டிக்கொண்டு, காலணியில் கிராம்பான்ஸ் (பனியில் வழுக்காத முள் தகடு) மாட்டி, பனிக்கோடரியோடு நடந்தே இறங்குங்கள். முகாமிலேயே தலைவலி வந்துவிட்டால், அது தீராமல் மேலே ஒரு அடியும் வைக்காதீர்கள். மலை நோய்க்கு இறங்குவதுதான் மருந்து. சறுக்கி இறங்கினாலும் நடந்து இறங்கினாலும் ஒன்றுதான்.

யாருக்காவது மலை நோய் முற்றுகிறதோ என்று தோன்றினால், குதிகாலை மறு கால் விரலோடு ஒட்டி ஒட்டிப் பத்தடி நேராக அவரை நடக்கச் சொல்லிப் பாருங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறது என்று பொருள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமல் விடாமல் வந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது. இரண்டிலும் உடனே உதவிக்கு அழைத்துவிட்டு, பொழுது விடியக் காத்திராமல், துணையோடு கீழே இறக்க வேண்டும். தள்ளாடுபவரைப் பலகையில் ஏற்றாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். தள்ளாட்டம் அவருக்கே தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே இந்தப் பதிலை உங்களோடு வரும் நண்பர்களையும் படிக்கச் சொல்லுங்கள்.