ரிமோட் செத்தாலும் சாவி உள்ளேயே இருக்கிறது

வேளச்சேரி அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ஸ்மார்ட் கீ வேலை செய்யாமல் கார் திறக்கவில்லை என்கிறீர்கள். கண்ணாடியை உடைக்கவெல்லாம் போகாதீர்கள். ரிமோட்டின் ஓரத்தில் சின்னப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தி இழுத்தால் பழைய மாதிரி சாவி ஒன்று வெளியே வரும் (நானே இது தெரியாமல் மழையில் அரைமணி நேரம் நின்றிருக்கிறேன்); டிரைவர் கதவில் சாவித் துவாரம் தெரியாவிட்டால் கைப்பிடி மூடிக்குள் மறைந்திருக்கும். அலாரம் அலறலாம், அலறட்டும். அப்புறம் பிரேக்கை மிதித்துக்கொண்டு ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன்மேல் வைத்து, அதாலேயே பட்டனை அழுத்துங்கள். ரிமோட்டுக்குள் இருந்து காருக்கு அடையாளம் காட்டும் சிப்புக்கு பேட்டரி தேவையில்லை, பல வண்டிகள் இப்படியே கிளம்பிவிடும். ரிமோட்டுக்கு பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற பட்டன் பேட்டரிதான், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவரை அலைய வேண்டாம், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். கதவைத் திறந்தும் உள்விளக்கு எரியவில்லையா, அப்போது கார் பேட்டரியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.