முன்பணம் வாங்கின தறியும் எச்-1பி விசாவும்

பெருந்துறைப் பெண் ஒருத்தி கேட்டிருந்தாள்: "அக்கா, சரவணம்பட்டியில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். எச்-1பி என்ற வேலை விசா போட்டு அமெரிக்காவுக்கு அனுப்புவதாக ஒரு கன்சல்டன்சி சொல்கிறது. அங்கே ஒரு கூட்டம் நம்மைத் திருடர்கள் மாதிரிப் பேசுகிறது. கம்பெனிகளோ நாம் இல்லாமல் முடியாது என்கின்றன. இதில் யார் சொல்வது உண்மை? நாம் அவர்கள் வேலையைப் பறிக்கிறோமா? நான் போகலாமா, வேண்டாமா?"

கண்ணு, லீவுக்கு வந்து குமாரபாளையத்தில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்துச் சந்தில் தறி ஓடுகிறது. பதினெட்டு வருடத்துக்கு மேல் அமெரிக்காவில் இருந்தாலும் இந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். உன் கேள்விக்குப் பதிலையும் இந்தச் சத்தத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் அப்பா 12 விசைத்தறி வைத்திருந்தார். லுங்கியும் துண்டும் ஓடும். தறி ஓட்ட வருகிறவருக்கு முன்பணம் கொடுப்பது இந்தப் பக்கம் வழக்கம், உனக்கும் தெரிந்திருக்கும். மகள் கல்யாணம், பிரசவம், எழவு என்று ஏதோ ஒன்றுக்கு வாங்குவார்கள். வாங்கிவிட்டால் அந்த ஆள் நம் தறியில்தான். வேறு தறிக்காரருக்கு அவர் வேண்டுமென்றால், அப்பாவிடம் வந்து பாக்கியைக் கட்டிவிட்டுக் கூட்டிப் போவார். அப்போதும் கடன் தீராது, நோட்டுதான் மாறும். கூலியை ஏற்றிக் கேட்கிறவர்கள் முன்பணம் வாங்காதவர்களாகவே இருப்பார்கள், அப்படிப்பட்டவர்கள் ரொம்பக் குறைவு. "ஆளே கிடைக்கறதில்லைங்க" என்று வீட்டுக்கு வருகிற ஒறம்பரைகளிடமெல்லாம் அப்பா சொல்வார். "இந்தக் கூலிக்கு" என்று முன்னால் சேர்த்துச் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கெட்ட மனிதர் இல்லை. பொங்கலுக்கு எல்லோருக்கும் வேட்டி சேலை எடுத்துக் கொடுப்பார். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு அதில் தப்பு எதுவும் தெரிந்ததில்லை.

அமெரிக்கா போய் நாலைந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

2007-இல் கல்யாணம் முடிந்து எச்-4 விசாவில் போனேன், எச்-1பி-காரரின் மனைவிக்குக் கொடுக்கிற விசா அது. கோயம்புத்தூரில் பி.இ. படித்தவள், வீட்டில் உட்கார்ந்து பருப்பு வேகவைத்தேன். எச்-4-இல் வேலை பார்க்க அன்றைக்கு வழியே கிடையாது. 2015-இல்தான் ஒரு பகுதிப் பேருக்கு அனுமதி வந்தது, அதுவும் கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருந்தால். நான் அதுவரை காத்திருக்கவில்லை. 2011-இல் ஒரு சின்ன கன்சல்டன்சி மூலம் எச்-1பி வாங்கினேன். விசா வரம்பைவிட மனு அதிகமாக வந்தால் குலுக்கல் போட்டு ஆளை எடுப்பார்கள். அந்த வருடம் குலுக்கலே இல்லை. பொருளாதாரம் படுத்திருந்ததால் நவம்பர் வரைக்கும் இடம் காலியாக இருந்தது. இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை.

கன்சல்டன்சி நம்மை வேறொரு கம்பெனி வேலைக்கு அனுப்பும், அந்தக் கம்பெனிதான் கிளையன்ட். கிளையன்ட் எனக்காகக் கொடுத்த மணிக்கூலி ஒன்று, என் கைக்கு வந்தது வேறொன்று. நடுவில் எத்தனை கை என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்காமல் இரண்டு மாதம் பெஞ்சில் இருந்தேன், அந்த இரண்டு மாதமும் சம்பளம் இல்லை. வேலை கொடுக்காவிட்டாலும் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும் என்று அந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. எனக்கும் அது தெரியும். ஆனால் கேட்கவில்லை. கேட்டால் விசாவை ரத்து செய்துவிட்டால் என்ன செய்வது? எச்-1பி மனு போடுகிறவர் முதலாளி. பேப்பர் அவருடையது, நாம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம். வேறு கம்பெனி புதிதாக மனு போட்டுக் கூட்டிப் போனால்தான் நகர முடியும். அன்றைக்கு ராத்திரி அப்பாவின் முன்பண நோட்டு ஞாபகம் வந்தது. நீல அட்டை போட்ட நீள நோட்டு.

சரி, கம்பெனிகள் சொல்வது உண்மையா என்று கேட்டாயே. கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த விசா வந்தது, வருடத்துக்கு 65,000 என்று வரம்பு. கம்ப்யூட்டர்க் கம்பெனிகள் ஆள் போதவில்லை என்று அழுத்தவும் 1998-இல் அதை 1,15,000 ஆக்கினார்கள். 2000-இல் 1,95,000. அந்த மசோதாவுக்கு செனட்டில் 96 ஓட்டு ஆதரவு, ஒரே ஒரு ஓட்டு எதிர்ப்பு. இரண்டு கட்சியும் இப்படிக் கைகோத்து வேறு எதை நிறைவேற்றினார்கள் என்று சொல். நியாயமாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அடுத்த கம்பெனி மனு போட்ட உடனேயே அங்கே சேர்ந்துகொள்ளலாம் என்ற வசதி வந்ததும் அதே சட்டத்தில்தான். கயிறு கொஞ்சம் நீளமானது. டாட்காம் என்ற இன்டர்நெட் கம்பெனிகள் சரிந்த பிறகு 2004-இல் எண்ணிக்கை பழையபடி 65,000-க்கே இறங்கியது. அங்கேயே முதுநிலை படித்தவர்களுக்கு மட்டும் கூடுதலாக 20,000. இன்றைக்கும் அதுதான் கணக்கு.

அதற்கப்புறமும் விடவில்லை. 2008-இல் பில் கேட்ஸ் நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து விசாவைக் கூட்டச் சொன்னார். 2013-இல் மார்க் சக்கர்பெர்க்கும் மற்ற டெக் முதலாளிகளும் சேர்ந்து குடியேற்றச் சட்டத்துக்காகவே எஃப்டபிள்யூடி.யுஎஸ் என்று ஓர் அமைப்பு தொடங்கினார்கள். அந்த வருடம் செனட்டில் 68-க்கு 32 என்று பெரிய மசோதா ஒன்று நிறைவேறியது. கீழ்ச்சபையில் அதை எடுக்கவே இல்லை. காசு இருந்தால் நினைத்ததெல்லாம் நடந்துவிடும் என்பதில்லை, அதையும் தெரிந்துகொள்.

ஆனால் எது நடக்காமல் நிற்கிறது என்று பார். இந்த விசாவில் கூலியை உயர்த்து, உள்ளூர்க்காரனை எடுத்துவிட்டு இவர்களை வைக்காதே என்று கிராஸ்லி, டர்பின் என்ற இரண்டு செனட்டர்கள், ஆளுக்கொரு கட்சி, 2007 முதல் திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவருகிறார்கள். ஒன்றும் சட்டமாகவில்லை. எச்-1பிக்குச் சம்பளம் நான்கு படி. கீழ் இரண்டு படியும் அந்த ஊரில் அந்த வேலைக்கு உள்ள நடுவாந்தரச் சம்பளத்துக்கும் கீழே. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் ரான் ஹிராவும் இன்னொருவரும் 2020-இல் கணக்கெடுத்தபோது, அனுமதி பெற்ற எச்-1பி வேலைகளில் 60 சதவீதம் அந்தக் கீழ் இரண்டு படியில்தான் இருந்தன. உலகத்திலேயே கெட்டிக்கார ஆட்கள் வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டு நடுவாந்தரத்துக்கும் கீழே சம்பளம் கொடுத்தால், அப்பா சொல்லாமல் விட்ட அந்த இரண்டு வார்த்தையைத்தான் இவர்களும் விழுங்குகிறார்கள்.

எல்லா முதலாளியும் ஒரே மாதிரி என்று சொல்லமாட்டேன். பெரிய டெக் கம்பெனிகளில் லட்சம் டாலருக்குக் குறையாமல் வாங்குகிற நம் பிள்ளைகள் நிறைய. அவர்கள் கதை வேறு, உன்னைக் கூப்பிடுகிற இடத்தின் கதை வேறு.

அடுத்தது, வேலையைப் பறிக்கிறோமா என்ற கேள்வி. இதற்கு நம் ஆட்கள் யாரும் நேராகப் பதில் சொல்லமாட்டார்கள். நான் பறித்திருக்கிறேன்.

2013-இல் ஒரு கிளையன்ட் ஆபீசுக்கு அனுப்பினார்கள். ஐம்பத்தைந்து வயசு அம்மா ஒருவர், அங்கே இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். ஆறு வாரம் அவர் தன் வேலையை எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முடிந்த அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கவே வேண்டியதில்லை. ஆனால் மாசக் கடைசியில் எந்த புரோகிராம் ஃபெயிலாகும், அப்போது யாரை எழுப்ப வேண்டும் என்பதுவரை கையால் எழுதிக் கொடுத்தார். என்மேல் ஒரு நாள்கூடக் கோபப்படவில்லை. கடைசி நாள், இடுப்பு வலிக்காக நாற்காலியில் வைத்திருந்த திண்டை எனக்கே விட்டுவிட்டுப் போனார். அந்த நாற்காலி முதுகைப் பிடிக்குமாம். நான் தலையாட்டினேன், வேறு என்ன செய்ய? 2015-இல் புளோரிடாவில் டிஸ்னி கம்பெனி சுமார் 250 பேரை வேலையை விட்டு அனுப்பியதும், தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்கு அவர்களில் பலர் வேலை கற்றுக்கொடுக்க வேண்டியிருந்ததும் பெரிய செய்தியானபோது, அதை முழுசாகப் படிக்க என்னால் முடியவில்லை.

அதனால், அங்கே கோபப்படுகிறவர்கள் எல்லோரும் நிறம் பார்த்துக் கோபப்படுவதாக நினைக்காதே. அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், கடையில் முகத்துக்கு நேரேயே பேசுவார்கள். மற்றவர்கள் கோபம் வேறு. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வருகிற பீகார், ஒடிசாப் பையன்களைப் பற்றி நம் ஊர் டீக்கடையில் என்ன பேசுகிறோம்? "கம்மிக் கூலிக்கு வந்து பொழப்பைக் கெடுக்கறானுங்க." அந்தப் பையனைக் கூட்டி வந்த ஏஜெண்டையும், ஷெட்டில் பத்துப் பேரை அடைத்து வைத்திருக்கிற முதலாளியையும் யாரும் திட்டுவதில்லை. அமெரிக்காவில் நாமெல்லாம் பீகார்ப் பையன்கள்தான், ஏசி ரூமில்.

2024 டிசம்பரில் இந்தச் சண்டை டிரம்ப் கூட்டத்துக்குள்ளேயே வெடித்தது. சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை வெள்ளை மாளிகைப் பதவிக்குப் போட்டதில் ஆரம்பித்து, ஒரு பக்கம் எச்-1பி வேண்டும் என்ற ஈலான் மஸ்க், மறுபக்கம் வேண்டாம் என்ற டிரம்பின் பழைய ஆலோசகர் ஸ்டீவ் பேனன். அதற்கு அடுத்த வருடம், 2025 செப்டம்பர் 19, புது எச்-1பி மனுவுக்கு 1 லட்சம் டாலர் என்று அறிவிப்பு. என் பெரியப்பா பேரன் அப்போது பவானிக்கு வந்திருந்தான். சனிக்கிழமை காலையில் செய்தியைப் பார்த்துவிட்டு, போட்ட சட்டையோடு கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு ஓடினான். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது இல்லை என்று விளக்கம் வந்தபோது அவன் துபாயில் உட்கார்ந்திருந்தான். டிக்கெட்டுக்குப் போன காசு போனதுதான். அந்த அறிவிப்பிலேயே இன்னொரு வரியும் இருக்கிறது: நாட்டு நலனுக்கு என்று அரசு நினைத்தால் ஒரு கம்பெனிக்கோ ஒரு தொழில் முழுவதற்குமோ விலக்குக் கொடுக்கலாம். விலக்குக் கேட்டு உள்ளே போய் உட்கார யாரால் முடியும் என்று உனக்கே தெரியும். பெருந்துறைப் பெண்ணாலும் முடியாது, அந்தத் திண்டுக்காரம்மாவாலும் முடியாது.

இந்த 1 லட்சம் டாலர் உன்னை நேராகத் தொடும். அமெரிக்காவுக்குள் மாணவராக இருந்து மாறுகிறவர்களுக்கு இது பொருந்தாது என்று பிறகு தெளிவாக்கிவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கிற உன் மாதிரி ஆளுக்குத்தான் பொருந்தும். இந்த நிலையில் ஒரு சின்ன கன்சல்டன்சி உனக்காக அவ்வளவு பணம் கட்டுமா? கட்டினால் யாரிடமிருந்து வசூலிக்கும்? அதுவும் போக, 2026 குலுக்கல் முதல் சம்பளப் படியை வைத்துத்தான் சீட்டு. நாலாம் படிக்காரர் பெயர் நான்கு முறை விழும், முதல் படிக்காரர் பெயர் ஒரே முறை. கூலிப் பிரச்சினைக்கு இது ஓரளவு சரியான மருந்து என்பதுதான் என் எண்ணம். மூன்று வருட அனுபவக்காரிக்குக் கசக்கத்தான் செய்யும்.

அதனால் போகாதே என்று சொல்கிறேனா? இல்லை. வேலை நல்லதாக இருந்து, சம்பளம் மேல் படியில் இருந்து, கூப்பிடுகிறவர்கள் ஒழுங்கான கம்பெனியாக இருந்தால் போய்ப் பார். அந்த நாட்டில் நான் கற்றது நிறைய. ஆனால் எச்-1பி போட உன்னிடம் யாராவது காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடு. அந்த மனுச் செலவு முதலாளி தலையில்தான். உன் பெயரை நாலைந்து கம்பெனி வழியாகப் போடுகிறோம், ஏதாவது ஒன்றில் விழும் என்பார்கள். 2023 பதிவில் 7,80,000-க்கு மேல் விண்ணப்பம் குவிந்ததில் பாதிக்கு மேல் அந்த மாதிரி, ஒரே ஆளுக்குப் பல பதிவு. அடுத்த வருடமே விதியை மாற்றி ஆளுக்கு ஒரு சீட்டு என்றாக்கிவிட்டார்கள். இன்னும் அந்தக் கதையை விற்கிறவர்களை நம்பாதே. அப்புறம், வேலை போனால் 60 நாள். அதற்குள் வேறு வேலையோ ஊர் டிக்கெட்டோ. அந்த 60 நாள் ஓட்டுவதற்கான காசு எப்போதும் தனியாக இருக்கட்டும், நகையாக இல்லாமல்.

கிரீன் கார்டை மனசில் வைத்துப் போகாதே. வேலைவழிக் கார்டு உலகத்துக்கே வருடத்துக்குச் சுமார் 1,40,000. எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை, ஐஸ்லாந்துக்கும் அதே, இந்தியாவுக்கும் அதே. என் வீட்டுக்காரருக்கு 2012-இல் போட்டார்கள், 2022-இல் வந்தது. அதுவும் கொரோனாவில் தூதரகங்கள் மூடிக்கிடந்து, குடும்ப ஒதுக்கீட்டில் மிஞ்சியது எங்கள் வரிசைப் பக்கம் திரும்பியதால். அந்த பத்து வருடமும் அவர் ஒரே கம்பெனியை விட்டு நகரவில்லை. இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள், போனால் வரிசைத் தேதி அப்படியே இருக்கும், ஆனால் பேப்பர் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பயந்துகொண்டு இருந்துவிட்டார். கார்டு கைக்கு வந்த மூன்றாவது மாதம் வேலையை மாற்றினார், சம்பளம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. கூடின பிறகுதான் பத்து வருடமாக எவ்வளவு குறைவாக வாங்கிக்கொண்டிருந்தோம் என்று கணக்குப் போட்டோம். பிறகு அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

நீ அனுப்பின ஆஃபர் கடிதத்தைப் பார்த்தேன். சம்பளத் தொகை இருக்கிறது, படி எண் இல்லை. வேலை செய்யும் ஊர் என்ற இடத்தில் அவர்கள் ஆபீஸ் முகவரி போட்டிருக்கிறார்கள், கிளையன்ட் இடம் எது என்று சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்குள் விட்டுப் போனால் பணம் கட்ட வேண்டும் என்று ஒரு வரி கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது, படித்தாயா? அந்த மூன்றையும் அவர்களிடம் எழுத்தில் கேள். வாயால் சொன்னால் வேண்டாம். பதில் வருகிறதா, எப்படி வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். அடுத்த ஞாயிறு வரைக்கும் இங்கேதான் இருக்கிறேன். பெருந்துறையிலிருந்து பவானி வந்து பஸ் மாறினால் எங்கள் வீடுதான். பேப்பரெல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு நாள் வா. மத்தியானம் வேண்டாம், தறிச் சத்தத்தில் பேச முடியாது. சாயங்காலம் கரண்ட் நிற்கிற நேரமாகப் பார்த்து வா.