பந்தயத்துக்கு முன் மசாஜ்: காலையில் ஒரு விதம், மாலையில் ஒரு விதம்

(தடகள வீரர்களோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர், வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

காலை 7 மணிக்கு 400 மீட்டர் ஹீட்ஸ் (தகுதிச் சுற்று). அதற்கு முன் கால்களை நன்றாக அழுத்தி மசாஜ் செய்துகொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. மயாமியில் டிஃபனி ஃபீல்டின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மிதமாக அழுத்தி மசாஜ் பெற்றவர்களுக்கு இதயத்துடிப்பு குறைந்தது; மூளையில் டெல்டா அலை கூடியது, பீட்டா குறைந்தது. டெல்டா என்பது ஆழ்ந்த தூக்கத்தில் மேலோங்கும் அலை; பீட்டா சுறுசுறுப்பாக விழித்திருக்கும்போது வரும் அலை. லேசாக மட்டும் தடவப்பட்டவர்களுக்கோ உடல் விழிப்பின் பக்கம் போனது. ஆய்வில் இருந்தவர்கள் வீரர்கள் இல்லை, சாதாரண ஆட்கள்தான். ஆனாலும் மசாஜ் மேசையில் நான் தினமும் பார்ப்பதும் இதுவே.

அதிகாலை 4, 5 மணிக்கு உடல் வெப்பம் மிகக் குறைவு. 7 மணிக்கும் அது முழுதாக ஏறியிருக்காது. ஏற்கெனவே மந்தமான மூளையை இன்னும் ஏன் தாலாட்ட வேண்டும்? சீக்கிரம் எழுந்து, வெளிச்சத்தில் நடந்து, வார்ம்-அப்பை நீட்டுங்கள். கை வைத்தே ஆகவேண்டுமென்றால் இரண்டு மூன்று நிமிடம் வேகமாக, லேசாகத் தேய்த்தால் போதும்.

எனக்கு மாலையில்தான் வேகம் வருகிறது. மனப்பிரமையா?

இல்லை. மூளையின் ஹைப்போதலாமஸில் சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட கடிகாரம் இருக்கிறது. அதன் கணக்கில் உடல் வெப்பம் பிற்பகல் கடைசியிலிருந்து முன்னிரவுக்குள் உச்சத்துக்குப் போகும். உடல் சூடானால் நரம்புச் செய்தி வேகமாக ஓடும், தசையும் சட்டென்று சுருங்கும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நீச்சல் இறுதிப் போட்டிகளைக் காலையில் வைத்தார்கள். மாலை இறுதிக்குப் பழகிய உடலைக் காலைக்குத் திருப்ப வேண்டியிருந்தது. நீங்களும் பந்தய நேரத்திலேயே பயிற்சி செய்து பழகுங்கள்.

மசாஜ் லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுமா?

கடுமையாக ஓடும்போது சேரும் அது, ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே போய்விடும்; மசாஜ் தேவையில்லை. மசாஜில் வலி குறைந்த உணர்வு கிடைக்கும், அது உண்மை.

மசாஜுக்குப் பின் ஆல்ஃபா அலை (மனம் தளர்ந்திருக்கும்போது வரும் மூளை அலை) கூடியதாக ஈஈஜி (மூளை மின் அலைப் பதிவு) அறிக்கை காட்டுகிறார்கள். நம்பலாமா?

கண்ணை மூடினாலே ஆல்ஃபா கூடும். 1929இல் தொடங்கிய தன் கட்டுரைகளிலேயே, மனித ஈஈஜியை முதலில் பதிவு செய்த ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் இதைச் சொல்லிவிட்டார். அதனால் மசாஜ் இல்லாமல் அதே நேரத்தில், அதே அளவு நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்தவர்களோடு ஒப்பிட்டார்களா என்று முதலில் கேளுங்கள். காலை அளவையும் மாலை அளவையும் கலந்திருந்தால் அந்த அறிக்கையை ஓரமாக வையுங்கள்.

அப்படியானால் அழுத்தமான மசாஜுக்கு எது நேரம்?

பயிற்சி முடிந்த மாலை. அப்புறம் சாப்பாடு, தூக்கம்.