ஞாபகத்துக்கு ஒரு பிடி

கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். நினைவு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்.

கேள்வி: மேடம், ஒருவருடைய ஊர், தொழில் எல்லாம் ஞாபகம் வருகிறது. பேர் மட்டும் வருவதில்லை. வயசாகிவிட்டதா?

பதில்: வயசு மட்டும் காரணமில்லை, என் மாணவர்களுக்கும் இப்படித்தான். தையல்காரர் என்றதும் மெஷின் சத்தம், கழுத்தில் தொங்கும் டேப், தீபாவளிக்கு முந்தின நாள் கடை வாசலில் காத்துக் கிடந்தது எல்லாம் கூடவே வரும். 'சேகர்' என்ற பேரில் பிடித்துக்கொள்ள அப்படி ஒன்றும் இல்லை. அதே பேரில் உங்களோடு படித்த பையன் அந்தக் கடையில் அளவு கொடுத்து நிற்பதாக நினைத்துப் பாருங்கள். பேர் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: பீரோவைத் திறந்து பாச்சை உருண்டை வாசனை வந்தாலே செத்துப்போன ஆச்சி பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. ஏன்?

பதில்: பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற பகுதியைத் தாண்டித்தான் உள்ளே போகும். வாசனைக்கு அந்தச் சுற்று கிடையாது. உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கிற பகுதிகளுக்குக் குறுக்கு வழியில் போய்விடும்.

கேள்வி: அக்கா கல்யாணத்தில் தாத்தா இருந்தார் என்று சத்தியம் செய்வேன். அவர் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார் என்கிறார் அம்மா. நான் பொய் சொல்கிறேனா?

பதில்: இல்லவே இல்லை. வகுப்பில் ஒரு பட்டியல் வாசிப்பேன்: படுக்கை, களைப்பு, கனவு, கொட்டாவி, குறட்டை, போர்வை... பிறகு நினைவிருப்பதை எழுதச் சொன்னால் பலர் 'தூக்கம்' என்றும் எழுதுவார்கள். நான் அந்தச் சொல்லை வாசிக்கவே இல்லை. ஒரு மாணவி என் தாளை வாங்கிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டாள். ரோடிகர், மெக்டெர்மட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1995இல் வெளியிட்ட முதல் சோதனையில், வாசிக்காத சொல்லை இப்படி எழுதியது நூற்றுக்குச் சுமார் 40 தடவை. சுற்றியுள்ள சொற்கள் எல்லாம் சேர்ந்து அதை இழுத்து வந்துவிடுகின்றன. உங்கள் வீட்டு விசேஷம் என்றாலே தாத்தா முன்வரிசையில் இருந்திருப்பார். இந்தக் கல்யாணத்திலும் உங்கள் மனசு அவருக்கு நாற்காலி போட்டுவிட்டது. அதில் பாசம் இருக்கிறது, பொய் இல்லை.

கேள்வி: பாட்டி நூறு பாட்டு அந்தாதியை மனப்பாடமாகச் சொல்கிறார். எனக்குப் பத்து குறள் நிற்கவில்லையே?

பதில்: அந்தாதியில் ஒரு பாட்டு முடிகிற சொல்லில்தான் அடுத்தது தொடங்கும். ஒன்று மற்றொன்றின் கையைப் பிடித்துக்கொண்டு வரும். பாட்டியிடம் 63ஆம் பாட்டை மட்டும் கேளுங்கள், கொஞ்சம் முன்னாலிருந்து சொல்லிக்கொண்டு வருவார். குறள் ஒவ்வொன்றும் தனியாக நிற்பது. அதனால் கயிறை நீங்கள்தான் கட்ட வேண்டும். 'தீயினாற் சுட்டபுண்' படித்ததும் யார் முகம் வருகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் அடுத்த குறளுக்குப் போங்கள்.